விமானத்துக்குச் சொம்பு மூக்கு

பிடிவாதக்காரனுக்குப் பெண்ணைக்கூடக் கொடுக்கலாம். துளைபோடும் தமரை மட்டும் கையில் கொடுக்கக் கூடாது. இதை ஒப்புக்கொள்ள எனக்கு நாற்பது வருஷம் பிடித்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், சீமைப் பத்திரிகை ஒன்றின் படத்தைப் பார்த்து, மோகனூரில் எங்கள் மஞ்சள் மூட்டை அடுக்கும் கொட்டகைக்குள் நானே ஒரு விமானம் கட்டினேன். (படம் புரிந்தது. இங்கிலீஷ் பாதிதான்.) அதைவிடப் பெரிய ஆசை, ஜேடர்பாளையத்து மாமன் மகள் பாவாயியைக் கட்டுவது. அம்மாவின் அண்ணனான அந்த மாமன் ஒருநாள் கொட்டகைக்குள் வந்து பார்த்தார்.

"எஞ்சினு வெளிய தெரியுதுங்க மாப்ள, தோலுரிச்ச ஆடாட்டம். முழுசா முடிச்சு ஓட்டிக் காட்டுங்க, அப்பறம் பொண்ணப் பத்திப் பேசலாம். தைப்பூசத்தன்னைக்கு வாரேன்."

எஞ்சினை மூட மண்ணெண்ணெய் டின்னை வெட்டித் தட்டினேன். இந்தப் பக்கம் திருகாணி போட்டால் அந்தப் பக்கத் துளை ஒரு விரல் தள்ளி நின்றது. அங்கே புதுத் துளை போட்டால் இங்கே நகர்ந்தது. நான்காம் நாள் அது மூடியாக இல்லை, சல்லடையாக இருந்தது.

"உட்டுத் தொலை சாமி" என்றாள் அம்மா. விடுவேனா? சல்லடையையே மாட்டினேன்.

அடுத்தது மூக்கு. சுழலும் புரொப்பெல்லரின் நடுவில் கூம்பாக ஒன்றை மாட்டச் சொன்னது படம். பரணில் கிடந்த பித்தளைச் சொம்பின் அடிப்பாகம் அச்சு அசலாக அப்படியே இருந்தது. யாரையும் கேட்காமல் அதன் கழுத்தை அறுத்தேன். மையம் பார்ப்பதற்குப் படத்தில் ஏதேதோ கோடுகள். கண்ணளவு போதாதா என்று நாலு திருகாணியில் முறுக்கிவிட்டேன்.

தைப்பூசத்தன்று மாமன் பாவாயியோடு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். எஞ்சின் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. ஆகாயத்துக்கே போய்விட்டதுபோல இருந்தது எனக்கு. அப்போதுதான் மூக்கு தலையாட்டத் தொடங்கியது.

"நிறுத்துடா!" என்று அப்பா கத்தினார்.

"முழுசா ஓட்டிக் காட்டறனுங்க!" என்று இன்னும் முடுக்கினேன்.

மூக்கு தெறித்துத் தரையில் மோதி உருண்டு, மாமன் காலடியில் போய் நின்றது. பின்னாலேயே மூடியும் விழுந்தது. மாமன் மூக்கை எடுத்துத் திருப்பினார். முகம் செத்துப்போயிற்று. அதில் அவருடைய அப்பாவின் பேர் வெட்டியிருந்தது. அம்மாவுக்கு வந்த தாய்வீட்டுச் சீர்! (எழுத்தை நானும் பார்த்தேன். பித்தளைக்கு எதற்குப் பேர் என்று நினைத்த வயது.)

எங்கள் பக்கம் சீர்ப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தாலே உறவு அறுந்தது என்று அர்த்தம். நான் கழுத்தையும் அறுத்து வீசியிருந்தேன்.

"எங்கப்பன் குடுத்த சீருக்கு இந்த ஊட்டுல இதுதான் மரியாதையா? வா பாவாயி, போலாம்" என்று எழுந்துவிட்டார்.

சொம்புக்குக் கழுத்தை ஒட்டவைத்து, அதைக் காட்டி மன்னிப்புக் கேட்க வாரம் தவறாமல் ஜேடர்பாளையத்துக்குச் சைக்கிள் மிதித்தேன். வாரம் தவறாமல் மாமன் கதவைச் சாத்தினார். பதினோராவது வாரம் பாவாயியே சொம்பை வாங்கி, தண்ணீர் மொண்டு அவரிடம் நீட்டினாள். ஒட்டு ஒழுகி அவர் வேட்டி நனைந்தது. மாமன் சிரித்துவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கல்யாணச் சீரில் ஒரு பித்தளைகூட இல்லை. நாலு பேர் தூக்கிவந்த ஆட்டுக்கல் ஒன்றுதான்.

"இதைப் பறக்க உடுங்க, பாக்கலாம்" என்றார் மாமன்.

விமானம் கடைசிவரை தரையை விட்டு எழவில்லை. இப்போதும் பேரன் அந்த ஆட்டுக்கல்லைக் காட்டி, "தாத்தா, இது எப்பங்க பறக்கும்?" என்று கேட்பான். உடனே உள்ளேயிருந்து பாவாயி குரல் கொடுப்பாள்: "கேக்காத சாமி, அதுக்கும் மூக்கு மாட்டிப்புடுவாரு!"