ஆறு பொத்தான் கேட்டவருக்கு எண்ணூற்று அறுபத்து நான்கு

மதிப்புக்குரிய மச்சானுக்கு,

உங்கள் தங்கையை மணந்து முப்பத்தொரு ஆண்டுகளாகத் திருப்பி அனுப்பாமல் வைத்திருக்கும் உங்கள் மாப்பிள்ளை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கையும் நலம். என் முட்டி வலியும் நலமாக, வைத்த இடத்தில் அப்படியே இருக்கிறது. அங்கே அக்காவும் பிள்ளைகளும் அச்சகமும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

மூன்று வாரத்துக்கு முன் போனில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். "சம்பளமே வாங்காம கம்ப்யூட்டர் தட்டுற கூட்டத்தோட ரெண்டு நாள் போய் உக்காந்துட்டு வர, இந்த வயசுல உங்களுக்கு என்ன வேண்டுதல் மாப்பிள்ளை?" என்றீர்கள். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன், நீங்கள் சாப்பிடப் போய்விட்டீர்கள். கடிதமென்றால், நீங்கள் நடுவில் எழுந்து போனாலும் மேசைமேல் காத்துக்கொண்டிருக்கும் என்பதால் எழுதுகிறேன்.

கடைத்தெருவில் ஆள் நடமாட்டம் குறைந்ததும், மகள் வெளியூர் வேலைக்குப் போகுமுன் நம் பொத்தான் கடைக்கு இணையத்தில் ஒரு கடை போட்டுக் கொடுத்தது உங்களுக்குத் தெரியும். அந்த மென்பொருளை எந்தக் கம்பெனியும் விற்கவில்லை. ஊர் ஊராக இருக்கிற சிலர் சேர்ந்து எழுதிப் பூட்டுப் போடாமல் பொதுவில் வைத்திருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திறந்து பார்க்கலாம், கோளாறு இருந்தால் தெரிந்தவர் சரி செய்யலாம். தெரியாதவர் அவர்களுடைய இணைய மன்றத்தில் கேள்வி எழுதிவிட்டுக் காத்திருக்கலாம். நான் இரண்டாவது வகை. முதல் வாரத்திலேயே ஒரு தையல்காரர் எண்ணூற்று அறுபத்து நான்கு பொத்தான் கேட்டிருப்பதாகச் சீட்டு வந்தது. கால் தரையில் பாவாமல் உங்களுக்கும் போன் போட்டுச் சொன்னேனே, அதேதான். உங்கள் தங்கை இடுப்பு ஒடிய எண்ணிக் கட்டி அனுப்பினாள். ஐந்தாம் நாள் அவரிடமிருந்து கடிதம்: "ஐயா, நான் கேட்டது ஆறு. ஒரு சட்டைக்குத்தான் தைக்கிறேன், ஒரு படைக்கு அல்ல." அடுத்தது ஒரு டீச்சரம்மா, நான்கு கேட்டு ஐந்நூற்று எழுபத்தாறு வாங்கியவர், பேரப்பிள்ளைகள் காலம்வரை போதும் என்று நன்றி சொல்லியிருந்தார். அதற்குள் இணையதளம் தன் கணக்குப்படி கடையைக் காலி செய்துவிட்டது. அலமாரி முழுக்க, மேசைக்கடியில், படிக்கட்டில், எங்கே பார்த்தாலும் பொத்தான். தளத்தில் மட்டும் எல்லாப் பொருளுக்கும் கீழே 'சரக்கு தீர்ந்தது'. வருகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள்.

மன்றத்தில் எழுதினேன். பதில் சொன்னவர் கீரி. மன்றத்தில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது, புனைபெயர்தான். இவர் பெயர் கீரி, படமும் கீரி. அவர் கீரி என்றால் எதிரே இருந்த நான் யார் என்று நீங்களே பொருத்திக்கொள்ளுங்கள். நான் ஒன்றரைப் பக்கத்துக்குக் கண்ணீர் விட்டிருந்தேன். அவர் பதில் மூன்றே சொல்: 'அலகைச் சரி பார்க்கவும்.' பார்த்தேன். 'மிகச் சரியாக உள்ளது' என்று எழுதினேன். 'மறுபடி பார்க்கவும்' என்றார். 'எனக்குக் கண் தெரியும்' என்றேன். இப்படியே ஏழு மாதம் ஓடியது. மூன்றாம் மாதம் நான் ஒருநாள், கடைக்குள் கால் வைத்திராதவர்கள் கடைக்கு மென்பொருள் எழுதுவது நீச்சல் தெரியாதவன் ஓடம் விடுவது போல என்று தொடங்கி, ஊரே படிக்கும்படி எழுதிவிட்டேன். அதன்பிறகு நான் எழுதியதற்கெல்லாம் கீரியிடமிருந்து சத்தமில்லை. மாதக் கடைசியில் கடையை மூடிவிடுவதென்று நானும் உங்கள் தங்கையும் பேசி முடித்தோம். பேசி முடித்தோம் என்றால், நான் சொன்னேன், அவள் பொத்தான் பிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில்தான் இந்தக் கூட்டத்துக்கு அறிவிப்பு வந்தது. மென்பொருளை எழுதுகிறவர்களும் அதை வைத்துக் கடை நடத்துகிறவர்களும் ஒரே இடத்தில் கூடுவது, நான்கு ஆண்டுக்குப் பிறகு இதுதான் முதல் தடவையாம். கீரியை நேருக்கு நேர் பார்த்துக் கேட்காமல் கடைக்குப் பூட்டுப் போடுவதில்லை என்று முடிவெடுத்து, கேட்க வேண்டியதையெல்லாம் பதினொரு பக்கம் எழுதிச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஒரு நூலகத்தின் மேல்மாடி, மச்சான். அறுபது நாற்காலி, ஆளுக்கொரு பெயர் எழுதிய கழுத்து அட்டை, சுவரோரம் டீ. காலையில் மேடையில் பேசியதில் 'வணக்கம்', 'நன்றி' இரண்டும்தான் எனக்கு விளங்கின. ஆனால் டீ குடிக்கும்போது பக்கத்தில் நின்ற மெழுகுவர்த்தி விற்கிற அம்மா, "எங்க கடையில சரக்கு இருக்கும்போதே தீர்ந்துபோச்சுன்னு காட்டுதுங்க, என்ன பாவம் பண்ணினேனோ" என்றார். சைக்கிள் சாமான் விற்கிறவர் திரும்பிப் பார்த்து, "உங்களுக்குமா?" என்றார். நான் டீயைக் கீழே வைத்துவிட்டேன். அந்த வரிசையில் நின்ற எட்டுக் கடைக்காரர்களில் ஐந்து பேருக்கு அதே நோய். ஒவ்வொருவரும் தன் தலையெழுத்து என்று தனித்தனியாக அழுதுகொண்டிருந்திருக்கிறோம். மன்றத்தில் ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். மெழுகுவர்த்தி அம்மா, "அங்க யாரோ பொத்தான்காரர்னு ஒருத்தர் சண்டை போடுறாரு, பயமா இருக்கு" என்றார். என் கழுத்து அட்டையை மெல்லத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

மத்தியானம் மேசை மேசையாக உட்கார்ந்து அவரவர் கோளாறைக் காட்டச் சொன்னார்கள். என் பக்கத்து நாற்காலியில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், மூக்குக்கண்ணாடி, கையில் பாதி பிஸ்கட். அட்டையில் 'கீரி'.

"நீங்களா?" என்றேன்.

"நான்தாங்க. நீங்க பொத்தான்காரர்தானே?"

"நான் உங்களை ஆம்பளைன்னு நெனச்சேன்."

"எல்லாரும் அப்படித்தான் நெனைக்கிறாங்க. நான் உங்களை ஆறடி உயரம்னு நெனச்சேன்."

பதினொரு பக்கம் சட்டைப்பையில் கனத்தது. எடுப்பதற்குள் அவர், "ஒண்ணும் பேச வேண்டாம் சார். கடையில எப்படிச் செய்வீங்களோ அப்படியே ஒரு பொருளைப் புதுசா ஏத்துங்க. நான் பார்த்துட்டு மட்டும் இருக்கேன்" என்றார். நான் பெயர் போட்டேன், நிறம் போட்டேன், படம் போட்டேன். 'அலகு' என்ற கட்டம் வந்தது, வழக்கம்போல நூற்று நாற்பத்து நான்கு என்று அடித்தேன்.

"இருங்க, இருங்க. ஏன் நூத்தி நாப்பத்திநாலு?"

"பெட்டியில அவ்வளவுதானே இருக்கு? பன்னெண்டு டஜன். பொத்தான் வியாபாரத்துல அதுதாம்மா அலகு."

அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். சிரிக்கிறார் என்று நினைத்து எனக்கு ரோஷம் பொங்கியது. கையை எடுத்தபோது கண் கலங்கியிருந்தது. "அது, வாங்குறவங்க ஒண்ணுன்னு கேட்டா எத்தனை அனுப்பணும்னு கேக்குற கட்டம் சார். ஒருத்தர் ஒண்ணு வாங்கினாலும் தளம் நூத்தி நாப்பத்திநாலைக் கழிச்சுடும், அதான் சரக்கு இருக்கும்போதே தீர்ந்துபோச்சுங்குது. அந்தச் சொல்லை வச்சதே நான்தான். ஏழு வருஷமாச்சு. ஒரு கடைக்காரர் அதைப் படிக்கிறதை ஒருநாளாவது பக்கத்துல உக்காந்து பார்த்ததில்ல."

நான் மெழுகுவர்த்தி அம்மாவையும் அதே நோயுள்ள மற்ற மூவரையும் கூப்பிட்டேன். அம்மா பன்னிரண்டு போட்டிருந்தார். சைக்கிள்காரர் ஐம்பது. கீரி அங்கேயே அந்தக் கட்டத்தின் பெயரை மாற்றினார். 'வாங்குபவர் ஒன்று கேட்டால் எத்தனை அனுப்ப வேண்டும்?' என்று எழுதி, "இப்ப புரியுதா?" என்று எங்கள் ஐந்து பேரின் முகத்தையும் பார்த்தார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஏழு மாதச் சண்டை மச்சான், கால் மணி நேரம்!

மாலை டீயின்போது கீரியைப் பற்றி அவரிடமே விசாரித்தேன். பகலில் மருத்துவமனையில் நோயாளிகளின் கோப்பு பார்க்கிற வேலையாம். வீட்டில் இரண்டு குழந்தைகள். மிச்ச நேரத்தில்தான் இது, சம்பளம் கிடையாது. "அந்த ஓடம் விடுற கதை எழுதினீங்களே, அன்னைக்கு இதையெல்லாம் விட்டுடலாம்னு இருந்தேன்" என்றார், கோபமே இல்லாமல். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. "எழுத்துல கொஞ்சம் கை நீண்டுடுச்சும்மா, மனசுல வச்சுக்காதே" என்றேன். "என் பதிலும் ரொம்பக் குட்டைதான் சார்" என்றார். பையிலிருந்து எட்டிப் பார்த்த காகிதம் என்னவென்று கேட்டார். மருந்துச் சீட்டு என்றேன். பதினொரு பக்கத்துக்கு மருந்து சாப்பிடுகிற மனிதன் என்று என்மேல் இரக்கப்பட்டு இன்னொரு பிஸ்கட் கொடுத்தார்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில் இது. திரையில் எழுத்துத்தான் தெரிகிறது, எழுதின ஆள் தெரிவதில்லை. ஆள் தெரியாத இடத்தில் மூன்று சொல் திமிராகத் தெரிகிறது, ஒன்றரைப் பக்கம் புலம்பலாகத் தெரிகிறது. சம்பளம் கொடுத்து வைத்திருக்கிற ஆளென்றால் சண்டை போட்டாலும் மறுநாள் வேலைக்கு வருவான். மனசுக்காக மட்டும் செய்கிறவர்கள் மனசு விட்டால் போய்விடுவார்கள், அவர்களோடு நம் கடையும் போய்விடும். அதனால் இப்படிப்பட்ட கூட்டம் நான்கு ஆண்டுக்கு ஒருதடவை போதாது, ஆண்டுக்கு இரண்டு தடவையாவது வேண்டும் என்று மறுநாள் மேடையேறிச் சொன்னேன். ஐந்து நிமிடம் கொடுத்தார்கள், இருபது நிமிடம் எடுத்துக்கொண்டேன். இறங்குவதற்குள் அடுத்த கூட்டத்துக்கு என்னையே பொறுப்பாளராக்கிவிட்டார்கள். கடை மூடவில்லை, மச்சான். நேற்று ஒன்பது பேர் கேட்டார்கள், ஒன்பது பேருக்கும் கேட்டதைத்தான் அனுப்பினோம். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கினாற்போல இருக்கிறது. உங்கள் அச்சகத்து மாடி ஹால் சும்மாதானே கிடக்கிறது? இரண்டு நாளைக்குக் கொடுத்து உதவ வேண்டும். உங்கள் தங்கைக்கு இது இன்னும் தெரியாது. பக்குவமாக நானே சொல்லிக்கொள்கிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். நீங்கள் சர்க்கரையைக் குறைத்து, கோபத்தையும் குறைத்து, நூறாண்டு இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அன்பு மாப்பிள்ளை

பி.கு.: உறை ஒட்டுமுன் உங்கள் தங்கை இதை வாங்கிப் படித்துவிட்டாள். ஹால் விஷயம் போன வாரமே உங்களிடம் பேசி முடிந்துவிட்டதாம். நான் ஓடக் கதை எழுதிய மறுநாளே அவள் கீரியைத் தேடிப் பிடித்து, "எங்க வீட்டுக்காரர் எழுத்துலதான் புலி, நேர்ல பூனை" என்று மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். நாலு மாதமாக இருவரும் தினம் பேசிக்கொள்கிறார்களாம். கூட்ட அறிவிப்பை என் கண்ணில் படவைத்ததும், கீரிக்கு என் படத்தை அனுப்பி என் பக்கத்து நாற்காலியில் உட்காரச் சொன்னதும் இவள்தான். ஆகையால் மேலே நான் எழுதியதில் என் முடிவு, என் ஏற்பாடு என்று வருகிற இடங்களையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். "அப்படின்னா போன்லயே முடிச்சிருக்கலாமே, என்னை எதுக்கு அவ்வளவு தூரம் அனுப்பினே?" என்று கேட்டேன். "நாலு மாசம் போன்லதாங்க பேசினோம். நீங்க அடிக்கிற தப்பை எனக்குச் சொல்லத் தெரியல, அவளுக்குக் கேக்கத் தெரியல. அதான் தப்பையே டிக்கெட் போட்டு அனுப்பி வச்சேன்" என்கிறாள்.