வீட்டம்மா ஓட்டின வண்டி

அந்த ஞாயிற்றுக்கிழமை ஷோரூம்காரர் ஒரு சபதத்தோடு எழுந்தார். இன்றைக்கு எப்பாடு பட்டாவது மனைவியைத் தன் காரில் உட்கார வைத்துவிட வேண்டும்.

இதெல்லாம் ஒரு சபதமா என்று கேட்பீர்கள். கேட்பீர்கள், உங்களுக்கென்ன. மனிதருக்குப் பழைய கார் விற்கிற தொழில். தகரக் கொட்டகைக்கு 'ஷோரூம்' என்று போர்டு மாட்டியதால் தெருவே அவரை அப்படிக் கூப்பிட்டது. அந்தக் கொட்டகையிலிருந்து எத்தனையோ கார்கள் ஓடிப் போயின. பாதி, ஆள் தள்ளித் திரும்பி வந்தன. ஆனால் கட்டின மனைவி அவர் காரில் ஏறிப் பல வருஷமாகிறது. பக்கத்து ஊரில் இருக்கிற மகளைப் பார்க்க மாதாமாதம் அந்த அம்மாள் பஸ்ஸில் போவார். இவர் அதே பஸ்ஸுக்குப் பின்னால் கொட்டகைக் கார் ஒன்றில் போவார். பக்கத்து சீட்டில் ஒரு தண்ணீர் பாட்டில் இருக்கும். உருளாமலிருக்க அதற்கு சீட் பெல்ட் போட்டுவிடுவார். வழியில் ஏதாவது சொல்லத் தோன்றித் திரும்பினால், பாட்டில். வாயை மூடிக்கொண்டு ஓட்டுவார். ஊரை ஏமாற்றத் தெரிந்த மனிதருக்கு அந்த ஒரு சீட்டின் வெறுமையை ஏமாற்றத் தெரியவில்லை.

அவர் வியாபாரம் இரண்டே ஆதாரங்களில் நின்றது. ஒன்று, வாகனப் பரிசோதகர். அந்தப் புண்ணியவான் வண்டியை நேரில் பார்த்து யாரையும் சங்கடப்படுத்த மாட்டார். போனிலேயே முடித்துவிடுவார்.

"வண்டி என்ன கலர்?"

"நீலம் சார்."

"நாலு சக்கரமும் இருக்கா?"

"நேத்து சாயங்காலம் வரைக்கும் இருந்துச்சு சார்."

"அப்ப பாஸ்."

இன்னொன்று, ஷோரூம்காரரே பெற்று வளர்த்த ஒரு வசனம்: "எங்க வீட்டம்மா ஓட்டின வண்டிங்க. மார்க்கெட்டுக்குப் போகும், வரும், அவ்வளவுதான். குழந்தை மாதிரி பாத்துக்கிட்டா." எந்த வண்டிக்கும் இதே வசனம். சிமெண்ட் மூட்டை சுமந்து இடுப்பொடிந்த வேனுக்கும் இதைத்தான் சொன்னார்.

இதனால் என்ன ஆயிற்று என்றால், வண்டி வாங்கி நடுரோட்டில் நின்றவர்கள் எல்லாம் அந்த அம்மாளைத்தான் முறைத்தார்கள். குழந்தையைப் பார்த்துக்கொண்ட லட்சணம் இதுதானா என்று ஒருத்தி வாசலுக்கே வந்து கேட்டாள். ஒவ்வொரு வீடாகப் பேச்சு நின்றது. தெருவில் அந்த அம்மாளோடு பேச மிச்சமிருந்தது எதிர்வீட்டு நர்ஸ் ஒருத்திதான். அவளும் தனியாக இருப்பவள். வேலை முடிந்து வந்தால் கேட்டருகே நின்று நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் வீட்டுக்குள் போவாள். அந்த நாலு வார்த்தைக்காக இந்த அம்மாள் நாள் முழுக்கக் காத்திருப்பார்.

அந்த நர்ஸ் தலையில்தான் ஷோரூம்காரர் நீலக் காரைக் கட்டப் பார்த்தார்.

மனைவி மகள் வீட்டுக்குப் புறப்படும் நாள் அது. அடுக்களை வாசலில் நின்று மெல்ல ஆரம்பித்தார். "ஏம்மா, ஒரு சின்ன உதவி."

"சின்ன உதவின்னா அடுக்களை வரைக்கும் வரமாட்டீங்களே."

"நர்ஸம்மா வண்டி பார்க்க வருது. நீ அதுல ரெண்டு நிமிஷம் உட்காரணும். நான்தான் ஓட்டினேன்னு ஒரு வார்த்தை சொல்லணும்."

அந்த அம்மாள் அடுப்பை அணைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார். "சரி, உட்கார்றேன்."

ஷோரூம்காரருக்குத் தலைகால் புரியவில்லை. வண்டியும் விற்கும், மனைவியும் ஏறுவாள். ஓடிப்போய் முன் சீட்டைத் துடைத்தார். தண்ணீர் பாட்டிலின் பெல்ட்டை அவிழ்த்து, அதை வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தார். கார் வாசலில் நின்றது. தெரு அங்கிருந்து மெயின் ரோடு வரைக்கும் ஒரே சரிவு.

நர்ஸ் வந்தாள். "அக்கா, இது நீங்க ஓட்டின வண்டியாமே?"

"உங்க அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றார் அந்த அம்மாள். "வாயால சொன்னா போதுமா? ஒரு சுத்து ஓட்டியே காட்டறேன். பின்னாடி ஏறு."

சொல்லிவிட்டு டிரைவர் சீட்டில் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டார். நர்ஸும் பின்னால் ஏறிவிட்டாள். ஷோரூம்காரர் அலறியடித்துக்கொண்டு மறுபக்கம் ஓடி, மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, காதோடு சொன்னார். "உனக்குத்தான் ஓட்டத் தெரியாதேம்மா."

"போன மாசமே கத்துக்கிட்டேன்."

"எப்ப?"

"நீங்க கடைக்குப் போனப்புறம் இந்த வீட்ல நான் என்ன பண்றேன்னு என்னிக்காவது கேட்டிருக்கீங்களா?"

கேட்டதில்லை. நினைத்துப் பார்த்தார், ஒருநாளும் கேட்டதில்லை. தன்னோடு வருவதற்காகத்தான் கற்றுக்கொண்டிருக்கிறாள் என்று தோன்றியது. எத்தனை வருஷத்துக்குப் பிறகு, இத்தனை பக்கத்தில், அதே சோப்பு வாசனையோடு. இப்படியே மகள் வீடு வரைக்கும் போய்விடலாம் என்று நினைத்தார். அப்போது அந்த அம்மாளின் கை ஹேண்ட் பிரேக் மேல் போனது.

"அதைத் தொடாதே."

"ஏங்க?"

"வண்டி இறங்கிடும்."

"இறங்கினா பிரேக்கை மிதிக்கிறேன்."

"அது... ஒரு தடவை மிதிச்சா பிடிக்காது. நாலஞ்சு தடவை மிதிக்கணும்."

"அதுக்குள்ள மெயின் ரோடு வந்துடுமே. சரி, ஸ்டியரிங்கைத் திருப்பிக்கிறேன்."

"இடது பக்கம் கொஞ்சம் யோசிச்சுத்தான் திரும்பும்."

"எவ்வளவு நேரம் யோசிக்கும்?"

ஷோரூம்காரர் மெயின் ரோட்டைப் பார்த்தார். பின்னாலிருந்து நர்ஸ் கேட்டாள். "அண்ணே, கால் வைக்கிற இடத்துல புது விரிப்பு போட்டிருக்கீங்க போல?"

"அதை எடுக்காதீங்கம்மா."

"எடுத்தா?"

"ரோடு தெரியும்."

நர்ஸ் இரண்டு காலையும் தூக்கிச் சீட்டில் வைத்துக்கொண்டாள். அந்த அம்மாள் ஹேண்ட் பிரேக்கிலிருந்து கையை எடுக்காமலே கேட்டார். "அப்ப இதை விட்டா நாம மூணு பேரும் போய்ச் சேர்ந்துடுவோம்?"

"அதுவும் பாதிதான் பிடிக்கும், மீதிக்கு டயருக்கு அடியில கல்லு வெச்சிருக்கேன்." அவர் குரல் உடைந்துவிட்டது. "இறங்கிடும்மா. வண்டி விக்காட்டிப் போகுது. உனக்கு ஒண்ணுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

நர்ஸ் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. "ராத்திரி டியூட்டி முடிச்சுட்டு அரைத் தூக்கத்துல ஓட்டிட்டு வரத்தான் அண்ணே இதைக் கேட்டேன்," என்றாள். "நீங்க எதிர்வீடாச்சேன்னு வேற எங்கயும் பார்க்கலை." இறங்கி, அந்த அம்மாளிடம் ஜன்னல் வழியாகக் குனிந்தாள். "அக்கா, மக வீட்டுக்குத்தானே? வாங்க, பஸ் ஸ்டாப் வரைக்கும் நானும் வர்றேன்."

ஷோரூம்காரர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். வியாபாரம் போனது போகட்டும். இதையாவது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

"நிஜமாவே எனக்காகத்தான் கத்துக்கிட்டியா?"

"எதை?"

"டிரைவிங்."

"எனக்குச் சாவியை எந்தப் பக்கம் திருப்பணும்னுகூடத் தெரியாதுங்க," என்றார் அந்த அம்மாள், கதவில் எதையோ தடவித் தேடியபடி. "இதை எப்படித் திறக்கிறது? பஸ் போயிடும்."

"அது உள்ளேயிருந்து திறக்காது," என்றார் ஷோரூம்காரர். இறங்கி, சுற்றிக்கொண்டு வந்து, அவரே திறந்துவிட்டார்.