தலையணை வாங்க வராத ஒரு லட்சம் பேர்

எங்கள் கடைவீதியில் இப்போதெல்லாம் யாரும் பொருள் விற்பதில்லை. எல்லோரும் ஆடுகிறார்கள்.

செருப்புக்கடைக்காரர் கைகளில் செருப்பை மாட்டிக்கொண்டு ஆடுகிறார். பல் வைத்தியர், நாற்காலியில் கிடக்கும் நோயாளியை வாய் திறந்தபடியே விட்டுவிட்டு ஆடுகிறார். ஒருவர் எதிரே நின்று போனில் படம் பிடிக்கிறார். எல்லாம் ட்ரெண்டிங் ஐயாவின் அருள்.

மூடிப்போன உடற்பயிற்சிக் கூடம் ஒன்றை வாடகைக்குப் பிடித்து ஐயா அதில் எழுந்தருளியிருந்தார். சுவரெல்லாம் கண்ணாடி என்பதால் பத்துப் பேர் உட்கார்ந்தால் இருபது பேராகத் தெரியும். ஐயாவின் தொழிலுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

உபதேசம் எளிமையானது. குட்டி வீடியோ ஓடும் செயலிக்குள், எதை யாருக்குக் காட்டுவது என்று தீர்மானிக்கும் அல்காரிதம் குடியிருக்கிறது. அது கண் திறந்து பார்த்தால் உங்கள் கடையில் கூட்டம் தாங்காது. கண் திறக்கும் நேரம் ஐயாவுக்கு மட்டும்தான் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்டால் கண் மூடிக்கொள்ளும். ஆகவே யாரும் கேட்கவில்லை.

வீடியோ போடுமுன் போன் ஒரு நாள் விரதம் இருக்க வேண்டும். அதாவது சார்ஜ் ஏற்றக் கூடாது. சார்ஜ் இல்லாத போனில் வீடியோவை எப்படிப் போடுவது என்று ஒருவர் தயங்கிக் கேட்டார். ஐயா தம்முடைய சார்ஜரைக் கொடுத்தார். அதற்குத் தனிக் கட்டணம்.

வீடியோ போட்டதும் ஐயா உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். வெளியே பார்த்தவர்களின் எண்ணிக்கை ஏறும். ஆயிரம், பத்தாயிரம், லட்சம். சிஷ்யர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

மெத்தைக்கடைக்காரர் முதல் வரிசைச் சிஷ்யர். அவர் மெத்தை மேல் குதித்த வீடியோவை லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். கடைக்கு ஒருவரும் வரவில்லை. ஐயாவிடம் முறையிட்டார். நம்பிக்கை போதாது, ‘பூரண பார்வை’த் திட்டத்தில் சேர வேண்டும் என்று பதில் வந்தது. அதில் சேரக் கடையின் ஒரே தையல் இயந்திரத்தை விற்க ஆள் பேசிவிட்டு வந்தார்.

அந்த இயந்திரத்தில் உட்கார்ந்து உறை தைப்பவர் அவர் மனைவி. அதுவும் போனால் கடையில் மிச்சம் இருப்பது பஞ்சும் புருஷனும்தான். அந்த அம்மாள் இயந்திரத்தை விட்டு எழ மறுத்தார்.

“லட்சம் பேர் பார்த்திருக்காங்க தெரியுமா” என்றார் புருஷன்.

“அதுல ஒருத்தருக்குக்கூடவா முதுகு வலிக்கலை?”

அந்த அம்மாள் தாமே ஒரு வீடியோ போடுவதாகவும், அதற்குப் பிறகும் விற்கத்தான் வேண்டும் என்றால் இயந்திரத்தைத் தாமே தூக்கிக் கொடுப்பதாகவும் சொன்னார்.

மறுநாள் கண்ணாடிக் கூடத்தில், எல்லோர் முன்னிலையிலும், ஐயாவிடம் ஒரே ஒரு சந்தேகம் கேட்டார். பார்க்கிறவர்கள் எந்த ஊர்க்காரர்கள்?

“எல்லாம் நம்ம ஊருதாம்மா. பக்கத்துத் தெருவுல இருந்துதான் ஆரம்பிக்கும்” என்றார் ஐயா, பெருந்தன்மையாக.

விரதம் முடிந்த போன் தயாராக இருந்தது. அம்மாள் ஆடவில்லை. நேராக நின்று, “நாளைக்குக் காலையில எங்க மெத்தைக் கடைக்கு வர்ற எல்லாருக்கும் ஒரு தலையணை சும்மா தர்றோம்” என்று மட்டும் சொன்னார். ஐயாவின் புன்னகை லேசாகச் சுருங்கியது. ஆனால் கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

காலையில் கடை வாசலில் வெட்டுத்துணியில் தைத்த தலையணைகள் மலையாகக் குவிந்திருந்தன. கூட்டத்தைக் காணச் சிஷ்யர்கள் வந்துவிட்டார்கள். ஐயாவையும் அழைத்து வந்து நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். வீடியோவை லட்சம் பேருக்கும் மேல் பார்த்திருந்தார்கள். ‘நேற்றே வாங்கினேன், சுகமான தூக்கம்’ என்று ஒருவர் அதன் கீழே எழுதியிருந்தார். தலையணை இன்னும் கொடுக்கவே தொடங்கவில்லை.

வெயில் ஏறியது. யாரும் வரவில்லை. ஒரு நாய் மட்டும் வந்து முகர்ந்து பார்த்துவிட்டுப் போயிற்று. இலவசம் என்று கூப்பிட்டும் லட்சம் பேர் வீட்டிலேயே இருக்கும் ஊரை நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை.

“எல்லாரும் மனசால வாங்கிட்டாங்கம்மா” என்றார் ஐயா.

அம்மாள் ஒரு சிலேட்டில் ‘தலையணை இலவசம்’ என்று எழுதி வாசலில் சாய்த்து வைத்தார். எதிரே பேருந்துக்காக நின்றவர்கள் வந்த பேருந்தை விட்டுவிட்டு ஓடி வந்தார்கள். நாற்காலியில் இருந்து ஐயா எழுந்திருக்குமுன் மலை கரைந்துவிட்டது.

“சரிங்க. அந்த லட்சம் பேர் எங்கதான் இருக்காங்க? பார்த்துட்டு வந்துடலாம்” என்று அம்மாள் கூடத்தை நோக்கி நடந்தார். கூட்டமும் நடந்தது. ஐயா சாவி தொலைந்துவிட்டது என்றார். பூட்டுக்கடைக்காரரும் சிஷ்யர்தான், உள்ளறைக்குப் பூட்டு விற்றவரும் அவரே. திறந்துவிட்டார்.

உள்ளே கூரை வரைக்கும் அலமாரி. அலமாரி முழுக்கப் பழைய போன்கள். ஒவ்வொன்றிலும் அம்மாள் நேராக நின்று தலையணை தருவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். முடிந்ததும் மறுபடி சொன்னார். பார்வையாளர்களுக்குச் சூடேறாமல் இருக்க மின்விசிறி சுழன்றது.

அம்மாள் ஐயாவைத் திரும்பிப் பார்த்தார்.

“இவங்கள்ல யாருக்குத் தலை இருக்கோ கூட்டிட்டு வாங்க. தலையணை தைச்சுத் தர்றேன்.”

ஐயா கண்ணாடிச் சுவர்களைக் கடந்து வெளியேறினார். ஓடியவர் ஒருவர்தான், இரண்டு பேர் ஓடியதுபோல் தெரிந்தது. மெத்தைக்கடைக்காரர் இயந்திரம் வாங்க வந்த ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டு, மனைவியின் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டு, சிலேட்டைத் துடைத்து ‘மெத்தை தைத்துத் தரப்படும்’ என்று எழுதி வைத்தார்.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கும் நிம்மதி. ஆனால் ஐயா ஓடியதைப் பல் வைத்தியர் போனில் பிடித்திருந்தார். அவர் பூட்டுக்கடைக்காரரை ஓரமாக அழைத்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“இதை எந்த நேரத்துல போட்டா அல்காரிதம் கண் திறக்கும்? ஐயா இருந்தா கேட்டிருக்கலாம்.”

போன்களுக்கெல்லாம் அன்றே சார்ஜ் ஏற்றிவிட்டார்கள். மூளைதான் இன்னும் விரதத்தில் இருக்கிறது. அதை முடித்துவைக்க நல்ல நேரம் எதுவும் பார்க்க வேண்டாம்.