நெருப்புக் கோளத்தைப் பார்க்காத ஒரே ஆள்

'படுங்கோ' அண்ணையைப் போல நிலத்தைக் கட்டிப்பிடித்த மனிதன் உலகத்திலேயே இல்லை. எங்கள் சல்லிக் கிராமத்துக் கரையில் எங்கே சத்தம் கேட்டாலும் "படுங்கோ!" என்று கத்திக்கொண்டு குப்புற விழுவார். போர் முடிந்து எத்தனையோ வருடம். அவருக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

ஒரு கலியாண வீட்டில் வெடி கொளுத்தினார்கள். அண்ணை விழுந்தார். தனியே இல்லை, மாப்பிள்ளையையும் இழுத்துக்கொண்டு. பட்டு வேட்டி முழுக்கச் சேறு.

"அண்ணை, அது சீனவெடி!"

"படுத்துக்கொண்டு சொல்லு!"

போர்க்காலத்தில் இரவைப் பகலாக்க வானத்தில் பரா லைட் எரியவிடுவார்கள். அதற்கும் அவரிடம் ஒரு பாடம் உண்டு.

"வெளிச்சத்தைப் பாக்கிறவன் விசரன். படுத்துக்கொண்டு கடலைப் பார். ஆர் எங்க நிக்கிறாங்கள் எண்டு தெரியும்."

எல்லோரும் சிரிப்போம். நானும்தான்.

போன வருடம் நானும் மச்சானும் கடலுக்குப் போனோம். இஞ்சின் செத்தது. மேற்கேயிருந்து வீசிய கச்சான் காற்று எங்களை வெளிக்கடலுக்குத் தள்ளியது. பொழுதுபட்டது. டோர்ச் இல்லை, போன் நனைந்துவிட்டது. மச்சான் தெரிந்த தெய்வங்களை எல்லாம் கூப்பிட்டு முடித்தான். கரையில் ஆட்கள் கூடி, எந்தப் பக்கம் தேடுவது என்று தெரியாமல் நின்றார்களாம்.

அப்போதுதான் வானத்தில் அந்த நெருப்புக் கோளம், வால் நீண்ட ஓர் எரிகல். பச்சை வெளிச்சம். நாலைந்து நொடி கடல் பகலானது. நானும் விசரன் மாதிரி மேலேதான் பார்த்தேன். கரையில் நின்ற சனமும் அப்படியே.

அண்ணை மட்டும் "படுங்கோ!" என்று விழுந்தாராம். விழுந்தவர் கடலைப் பார்த்தார். தூரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. நாங்கள்.

கையை அந்தப் பக்கம் நீட்டியபடி கிடந்தாராம்.

"எழும்புங்கோ அண்ணை, வெளிச்சம் போயிட்டுது!"

"எழும்ப ஏலாது. கை அசைஞ்சா திசை மாறிடும். துடுப்பை என்ர கையோட வைச்சுக் குறியடா!"

வைத்தார்கள். துடுப்புக்கு நேரே வானத்தில் தெரிந்த ஒரு வெள்ளியைப் பார்த்தபடி இஞ்சின் போட்டை விட்டார்கள். எங்களைக் கட்டி இழுத்து வந்தார்கள்.

கரையேறியதும் அண்ணையின் காலில் விழுந்தேன்.

"இப்பவாவது படுக்கப் பழகினியே," என்றார்.

பிறகு குரலைத் தாழ்த்தினார். "தம்பி, மேல என்ன நடந்தது? நான் பாக்கேல்ல."

இப்போதும் கண்ட இடத்தில் அதையேதான் கேட்பார். நான் கதை குறைந்தவன். வீட்டில் கேட்டாலும் ஒரு சொல்லோடு நிறுத்துவேன். அண்ணை கேட்டால் மட்டும், பச்சையில் தொடங்கி வால் அணைந்தது வரை, ஒன்றும் விடாமல் சொல்லுவேன்.