அசல் கட்சியின் கூடுதல் பொறுப்பு

ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர் பகலவனுக்கு இழைக்கப்பட்ட அநீதிகளைக் காலவரிசை பிசகாமல் சொல்லியாக வேண்டும். 1978இல் முதல் கட்சி அவரை அவசரக்காரர் என்று நீக்கியது. 1985இல் இரண்டாவது கட்சி தாமதக்காரர் என்று நீக்கியது. 1993இல் மூன்றாவது கட்சி, காரணம் கண்டுபிடிப்பதற்குள் தானே இரண்டாகப் பிளந்தது. இரண்டு பாதியும் தனித்தனியே அவரை நீக்கின. 2004இல் அவரே அசல் உழவுத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கி, சேர்ந்த ஆறு பேரையும் திரிபுவாதிகள் என்று நீக்கினார். இதையும் தமக்கு இழைக்கப்பட்ட நான்காவது அநீதியாகத்தான் குறித்துவைத்திருந்தார். அன்றிலிருந்து பொதுச்செயலாளரும் அவரே, பொதுக்குழுவும் அவரே.

ஐந்தாவது அநீதி தஞ்சாவூரில், மாவட்ட வரலாற்றுத் தொகுப்பு அலுவலகத்தில் நடந்தது. பழைய தஞ்சை மாவட்டத்தில் இருந்த நீடாமங்கலம் பக்கம் கூலி கூட்டிக் கேட்டு நடவை நிறுத்திய பெண்களைப் பற்றி அத்தியாயம் எழுத அவரை அழைத்திருந்தார்கள். அன்று முதலில் வரப்பேறி நின்றவள் அவருடைய அம்மா செந்தாமரை. அவர் எழுதாவிட்டால், கோயில் யானைகளைப் பற்றி எழுதும் ஒருவர் எழுதுவார். மழையால் நடவு நின்றது என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்.

குறுக்கே நின்றது படிவத்தின் பதினோராம் பத்தி. எழுதுபவர் எந்தக் கட்சியிலும் இல்லை என்பதற்கு, அவர் கடைசியாக இருந்த கட்சியின் நீக்கல் சான்று வேண்டும்.

“நானே என்னை நீக்கிக்கிறேன்” என்றார் பகலவன்.

“நீக்கப்பட்டவர் கையெழுத்து செல்லாதுங்க ஐயா” என்றார் கண்காணிப்பாளர் பஞ்சநதம். “வேற யாராவது கூடுதல் பொறுப்பு பார்க்கணும்.”

ஏற்கெனவே மூன்று பிரிவுகளைக் கூடுதல் பொறுப்பில் பார்த்துவந்த பஞ்சநதம், நாலாவதாகக் கட்சியையும் ஏற்றுக்கொண்டார். அடுத்த நிமிடம் பகலவனை நீக்கினார். குற்றச்சாட்டுக்கு வாசகம் அகப்படாமல் அவர் தவித்தபோது, ‘ஏகாதிபத்தியத்தின் எடுபிடி, குட்டி முதலாளித்துவ ஊசலாட்டம்’ என்று பகலவனே சொல்லிக்கொடுத்தார். ஒற்றுப்பிழையையும் திருத்தினார்.

கோப்பில் கையெழுத்துப் போடும் நேரத்தில் எழுத்தர் ஷமீரா விதிப் புத்தகத்தை நீட்டினார். கட்சிப் பொறுப்பில் இருப்பவர் அரசுக் கோப்பைத் தொடக்கூடாது. ஓய்வுபெற எட்டு மாதமே இருந்த பஞ்சநதத்துக்கு வியர்த்துவிட்டது. ஷமீராவைப் பொதுச்செயலாளராக்கித் தம்மை உடனே நீக்கச் சொன்னார். ஷமீராவும் நீக்கினார். ஆனால் அதே கோப்பில் ஷமீராவும் சுருக்கொப்பம் இடவேண்டும்.

“எனக்கு அடுத்த மாசம் பதவி உயர்வு சார். இந்தக் கட்சியை யார்கிட்டயாவது ஒப்படைச்சாத்தான் கோப்பைத் தொடுவேன்.”

தேநீர் கொண்டுவந்த கடைக்காரர் காத்தானிடம் கேட்டார்கள். “எனக்கென்னங்க, எழுதிக்கிங்க” என்றார் அவர்.

கோப்பு அதோடு முடிந்திருக்கும். அம்மாவின் பெயர் அச்சேறியிருக்கும். பகலவன்தான் எழுந்தார்.

“இவருக்குக் கட்சித் திட்டம் தெரியுமா? உபரி மதிப்புன்னா என்னன்னு கேளுங்க. அசல் கட்சி கண்டவங்க கைக்குப் போறதை என்னால பார்த்துக்கிட்டு இருக்க முடியாது.”

“அப்ப தேர்தல் வச்சிடலாங்க” என்றார் ஷமீரா.

நாலு கைகள் உயர்ந்தன. அதில் ஒன்று பகலவனுடையது. நாற்பத்தைந்து ஆண்டுப் பொதுவாழ்வில் அவர் கண்ட முதல் ஏகமனதான முடிவு. கண் கலங்கியது.

பஞ்சநதம் யானை ஆசிரியருக்குக் கடித உறையை ஒட்டத் தொடங்கினார். அவரும் காத்தானும் சாட்சியாக, ஷமீரா நின்றுகொண்டு புதிய பொதுச்செயலாளரின் பெயரை உரக்கப் படித்தார்:

“தோழர் செந்தாமரை மகன் பகலவன்.”