சீல் இல்லாத விசா

சீல் விசுவாசிகள் என்று ஓர் இனம் நம்மிடையே வாழ்கிறது. கனடாவில், பார்க்டேலில் மாடிக் குடியிருப்புகளில் வாழ்கிறது. கொஞ்சம் வசதி வந்ததும் மில்லிக்கனில் வீடு வாங்கிக்கொண்டு வாழ்கிறது. நீங்கள் இவர்களைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். வங்கி இயந்திரத்தில் பணம் போட்டுவிட்டு, போட்ட பணம் போய்ச் சேர்ந்ததா என்று உள்ளே வரிசையில் நின்று கேட்பவர்கள் இவர்கள். ஒரு கடுதாசியைக் கொடுத்தால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கமாட்டார்கள். முதலில் அடியைப் பார்ப்பார்கள். அங்கே வட்டமாகவோ சதுரமாகவோ ஊதா நிறத்தில் ஒன்று இருந்தால் முகம் மலரும். இல்லாவிட்டால்? கடுதாசி மறுபடியும் உங்கள் கைக்கே வரும்.

இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி வேண்டுமானால் மில்லிக்கனில் இருக்கும் அகஸ்ரினைப் பாருங்கள். மன்னாரிலிருந்து வந்தவர், கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை. அவர் எங்கே போனாலும் ஒரு மண்ணிற ஃபைலும் கூடவே போகும். ஞானஸ்நானப் பத்திரம், குடியுரிமைக் கடுதாசி, ஏழு வருட வரிப் பத்திரங்கள், பங்குத்தந்தை தந்த நற்சான்றிதழ், விற்றுவிட்ட காரின் காப்புறுதி, இவை எல்லாவற்றுக்கும் மும்மூன்று போட்டோக் கொப்பிகள். வெற்றிலை போடுகிறவனுக்கு இடுப்பில் செருகும் கொட்டப்பெட்டி எப்படியோ, அகஸ்ரினுக்கு ஃபைல் அப்படி.

சிரிக்கலாம். ஆனால் அவர் இளைஞனாக இருந்த ஊரில், சோதனைச் சாவடியில் சீல் அடித்த துண்டு வைத்திருந்தவன் வீட்டுக்குப் போனான். வைத்திராதவன் போகவில்லை. அந்தப் பாடத்தை ஒருமுறை படித்தவன் இலேசில் மறக்கமாட்டான்.

1998ஆம் ஆண்டு சிட்னியிலிருந்து அவருடைய ஒரே தங்கை மக்டலீன் தொலைபேசியில் அழைத்தாள். கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குக் கோயிலில்.

"அப்பா இல்லை. என்ரை கையைப் பிடிச்சு சுவாமியார் நிக்கிற அல்ராறடிக்குக் கூட்டிக்கொண்டு போறது நீங்கள்தான், அண்ணை. நீங்கள் வராட்டில் நான் தனிய நடக்கமாட்டன். வாசல்லயே நிப்பன், சொல்லிப்போட்டன்."

அகஸ்ரின் ஃபைலை எட்டி எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவர் கேட்ட முதல் கேள்வி: "விசாவுக்கு என்னென்ன கடுதாசி கேப்பாங்கள்?"

ஒரு கடுதாசியும் கேட்கவில்லை என்பதுதான் சிக்கலின் ஆரம்பம். ஸ்காபரோவில் ஒரு பிளாசாவில் அன்புராசா பயண முகவர் கடை வைத்திருந்தார். விமான ரிக்கற், வீடியோ கசெற், மணவறை வாடகை மூன்றும் அங்கே ஒரே மேசையில் நடக்கும். அவர் அகஸ்ரினின் கடவுச்சீட்டையும் மனைவி அருள்நாயகியின் கடவுச்சீட்டையும் வாங்கி, இலக்கங்களைக் கணினியில் தட்டினார். அரை நிமிடம். கடவுச்சீட்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"சரி அண்ணை, விசா வந்திட்டுது."

"எங்கை?"

"கொம்பியூற்றருக்குள்ளை. கனடாப் பாஸ்போட் வைச்சிருக்கிற ஆக்களுக்கு அவுஸ்திரேலியாக்காரன் இப்ப ஒண்டும் ஒட்டுறேல்லை. முன்கூட்டியே நம்பரை அனுப்பிக் கேக்கிறது. அவன் பாத்துப்போட்டு ஓம் எண்டிட்டான்."

"ஆர் ஓம் எண்டது?"

"கொம்பியூற்றர்தான்."

"தம்பி, கொம்பியூற்றர் ஓம் எண்டதை எனக்கு எழுத்திலை தா."

அன்புராசா திரையில் இருந்ததை அச்சடித்துக் கொடுத்தார். அகஸ்ரின் அதன் அடியைப் பார்த்தார். ஒன்றுமில்லை. மறுநாள் வந்து அதில் கையெழுத்து வாங்கினார். அதற்கு அடுத்த நாள் வந்து, கையெழுத்தின் கீழே பெயரை எழுதச் சொன்னார். அந்த வாரச் சனிக்கிழமை, கடை முழுக்கச் சனம் நிற்கையில், மேசைக்கு முன்னால் மறுபடியும் அகஸ்ரின்.

"தம்பி, உன்ரை சீலை எடு. பாஸ்போட்டிலை ஒண்டு குத்து."

"அண்ணை, பாஸ்போட்டிலை நாங்கள் குத்தக்கூடாது."

"அப்ப விசாவைப் பின்னை எதிலை குத்திறது? கல்யாணக் கார்ட்டிலையோ?"

பின்னால் மணவறை பார்க்க வந்த கூட்டம் முணுமுணுத்தது. வீடியோ கசெற் திருப்பிக் கொடுக்க வந்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அன்புராசா நல்ல மனிதர்தான், ஆனால் நல்ல மனிதனுக்கும் சனிக்கிழமை என்று ஒன்று இருக்கிறதல்லவா? கண்ணை மூடிக்கொண்டு, அகஸ்ரினின் கடவுச்சீட்டில் ஒன்பதாம் பக்கத்தில் கடைச் சீலால் ஓங்கிக் குத்திவிட்டார். அகஸ்ரின் மையை வாயால் ஊதி ஆற்றினார். தங்கையின் அழைப்பு வந்து மூன்று கிழமைக்குப் பிறகு அன்று இரவுதான் அவர் குறட்டை விட்டார் என்பது அருள்நாயகியின் சாட்சியம்.

கல்யாண வாரம் புதன்கிழமை விமான நிலையம். அன்றைக்குப் புறப்பட்டால் ஒரு நாளை நடுக்கடலுக்கு மேல் தொலைத்து வெள்ளிக்கிழமை சிட்னியில் இறங்கலாம். அதை விட்டால் அடுத்த விமானம் வெள்ளிக்கிழமை. ஞாயிறு போய் இறங்கி, கேக்கின் மிச்சம் சாப்பிடலாம்.

கவுண்டரில் இருந்த பெண் அருள்நாயகியின் கடவுச்சீட்டை வாங்கித் தட்டினாள். சரி. அகஸ்ரினுடையதை வாங்கித் தட்டினாள். அதுவும் சரி. விமானத்தில் ஏறும் அட்டைகள் இரண்டும் அச்சாகி வெளியே வந்துகொண்டிருந்தன. அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் இந்தக் கதை இல்லை. ஆனால் சீல் விசுவாசியின் மனம் என்ன பாடு படும்? கண்ணுக்குத் தெரியாத விசாவை ஒருத்தி கண்ணால் பார்க்காமலே சரி என்கிறாளே!

"மன்னிக்கவும்," என்றார் அகஸ்ரின் தன் தொழிற்சாலை ஆங்கிலத்தில். "நீங்கள் என்னுடைய விசாவைப் பார்க்கவே இல்லை. ஒன்பதாம் பக்கம்."

அவரே விரித்துக் கொடுத்தார்.

அந்தப் பெண் பார்த்தாள். புருவம் உயர்ந்தது. மேலதிகாரியைக் கூப்பிட்டாள். கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்ட ஓர் உயரமான பெண்மணி வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எழுத்தெழுத்தாக வாசித்தார்: விமான ரிக்கற், வீடியோ, கல்யாண மேடை அலங்காரம், ஞாயிறும் திறந்திருக்கும்.

"இந்த விசாவைத் தந்தது யார்?"

"அன்புராசா."

"அவர் யார்? தூதரகத்தில் இருக்கிறாரா?"

"இல்லை. ஸ்காபரோவில் இருக்கிறார்."

ஏறும் அட்டைகள் கவுண்டருக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டன. போலி விசா, பழுதாக்கிய கடவுச்சீட்டு என்ற சொற்கள் மெதுவாகக் காதில் விழுந்தன. அகஸ்ரின் ஃபைலைத் திறந்தார். ஞானஸ்நானப் பத்திரம் வெளியே வந்தது. வரிப் பத்திரம் வந்தது. பங்குத்தந்தை வந்தார். காப்புறுதி வந்தது. அதிகாரி ஒவ்வொன்றையும் மரியாதையாகத் திருப்பித் தள்ளினார். பின்னால் வரிசை நீண்டது. மணிக்கூடு ஓடியது. கோயில் வாசலில் வெள்ளைச் சேலையோடு தனியே நிற்கும் மக்டலீன் அவர் கண்ணுக்குத் தெரிந்தாள். ஞானஸ்நானப் பத்திரத்தை அவர் இரண்டாம் முறையாக நீட்டினார்.

"இஞ்சாருங்கோ, அந்த ஃபைலை மூடுங்கோ," என்றாள் அருள்நாயகி. பிறகு அதிகாரியிடம் திரும்பினாள். அவளுடைய ஆங்கிலம் கணவனுடையதை விடக் குட்டை, ஆனால் நேர். "இது கடைச் சீல். இவர்தான் கேட்டு அடிப்பித்தார். எங்கள் ஊரில் சீல் இல்லாத ஆண்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். இவருக்கு அந்தப் பயம் இன்னும் போகவில்லை. வேறொன்றும் இல்லை."

அகஸ்ரின் தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பயத்தைப் பற்றி மனைவியோடுகூட அவர் பேசியதில்லை.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். உள்ளே போய்த் தொலைபேசியில் யாரோடோ பேசினார். திரும்பி வந்து கணினியில் மறுபடியும் தட்டினார். திரை முன்பு சொன்னதையே சொன்னது.

"ஐயா, இந்தச் சீலை நம்பினால் உங்களை நான் ஏற்றமுடியாது. நல்லகாலம், இந்த இயந்திரத்துக்கு உங்கள் மேல் சந்தேகம் இல்லை. சிட்னியில் யாராவது கேட்டால் இது என்ன என்று சொல்வீர்கள்?"

"கடைச் சீல்," என்றார் அகஸ்ரின், பங்குத்தந்தையிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிறவரின் குரலில்.

அட்டைகள் கைக்கு வந்தன. விமானக் கதவு மூட இருபது நிமிடம். அருள்நாயகி ஓடத் தொடங்கிவிட்டாள். அகஸ்ரின் இரண்டடி வைத்தார், நின்றார், திரும்பினார்.

"மேடம், என்னை விசாரித்துச் சரி கண்டதாக ஒரு சின்னத் துண்டு... அடியில் உங்களுடைய..."

"இஞ்சாருங்கோ!" என்ற சத்தம் பாதுகாப்புப் பரிசோதனை வரை கேட்டது.

சனிக்கிழமை நாலு மணிக்கு மக்டலீன் தனியே நடக்கவில்லை. சிட்னி விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரி ஒன்பதாம் பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லையாம். அகஸ்ரினுக்கு அதில் இன்னும் கொஞ்சம் மனவருத்தம்.

சிரித்துவிட்டீர்களா? நல்லது. இப்போது நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். போன கிழமை நீங்கள் ஒரு ஃபாக்ஸ் அனுப்பினீர்களே, அது போனதாக இயந்திரம் துண்டும் தந்ததே, பிறகு ஏன் தொலைபேசி எடுத்து, "கிடைச்சதோ?" என்று கேட்டீர்கள்? கேட்டு, "ஓம், கிடைச்சது" என்று அவர்கள் சொன்ன பிறகும், மூலத்தை ஏன் தபாலில் போட்டீர்கள்? அதுவும் பதிவுத் தபாலில்? வெட்கப்படவேண்டாம். அகஸ்ரினுக்குப் பின்னால் வரிசையில் நிறைய இடம் இருக்கிறது. வரும்போது இரண்டு புகைப்படமும் கொண்டுவாருங்கள், எதற்கும் இருக்கட்டும்.