தற்காலிகத்தை ஒழித்த நகராட்சி

மனிதகுலம் நெருப்பைக் கண்டது, சக்கரத்தைக் கண்டது; பிறகு நீண்ட இடைவெளி விட்டு, ஜப்பானின் ஹமானோகி நகராட்சியில் பொதுப்பிரிவுத் தலைவர் குராமோச்சியைக் கண்டது. அவருக்குக் கீழே வேலை பார்க்கும் பேறு பெற்றவன் நான்.

சென்ற இலையுதிர் காலத்தில் எங்கள் அலுவலகக் கணினி "இடம் இல்லை" என்று சிவப்பு எழுத்தில் அறிவித்தது. பாதுகாப்புக்காக அது நாள்தோறும் தன்னையே ஒரு பிரதி எடுத்துக்கொள்ளும். மறுநாள் அந்தப் பிரதியையும் சேர்த்துப் பிரதி எடுக்கும். எங்கள் முன்யோசனை அப்படிப்பட்டது.

தலைவர் உடனே "இட மீட்புக் கூட்டம்" கூட்டினார். தேநீரும் அரிசி பிஸ்கெட்டும் வந்தன.

"பழைய பேக்கப்பை அழிச்சிடலாமா, தலைவரே?" என்றேன்.

"ஆபத்துக்கு உதவுறதை அழிப்பாங்களா? உள்ள என்ன இருக்கு?"

"பெரும்பாலும் நீங்க புது வாசக்கதவைத் திறந்து வெச்ச வீடியோதான். திரும்பத் திரும்ப அதே."

"அப்போ தொடாத. வேற?"

"'தற்காலிகம்'னு கொஞ்சம் கோப்பு கிடக்கு."

தலைவர் கண்களை மூடித் திறந்தார். வரலாறு திரும்பும் கணங்களில் அப்படித்தான் செய்வார்.

"தற்காலிகம்னா போகவேண்டியதுதானே? அந்தச் சொல் எங்கெங்க இருக்கோ, எல்லாத்தையும் அழி."

தேடினேன், அழித்தேன். கணினி வேகம் பிடித்தது. அனைவரும் கைதட்டினோம்.

மறுவாரம் இசோபே சான் கவுன்ட்டருக்கு வந்தார். நிலநடுக்கத்தில் வீட்டை இழந்து, துறைமுகத்துக்குப் பின்னால் தகரக் குடியிருப்பில் வசிப்பவர். சந்தையில் மீன் அறுப்பவர். பேச்சும் அதே கத்திதான்.

"கூரை ஒழுகுது. நிரந்தர வீட்டுக்கு நான் குடுத்த மனு என்னாச்சு?"

தேடினேன். மனு இல்லை. இசோபே சானும் இல்லை. குடியிருப்பே இல்லை. அதன் முழுப்பெயர் "தற்காலிகக் குடியிருப்பு" என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பேக்கப்பில் பார்த்தேன். போகப்போகிற பொருளுக்குப் பிரதி எதற்கு என்று 'தற்காலிகம்' என்றிருந்ததை எல்லாம் ஆரம்பத்திலேயே விலக்கி வைத்திருந்தோம்.

தலைவரிடம் ஓடினேன். அவர் துளியும் கலங்கவில்லை. கவுன்ட்டருக்கு வந்து இடுப்பு வளைய வணங்கினார்.

"வாழ்த்துகள், இசோபே சான். நம்ம ஊர்ல தற்காலிகக் குடியிருப்புல இப்போ யாருமே இல்ல."

"அப்போ நான் யாரு?"

"அதுக்கு ஒரு சான்றிதழ் வேணும்."

"யார் தருவாங்க?"

"நாங்கதான். ஆனா அதுக்கான கோப்பு இப்போ இல்லீங்க."

"தகர வீடுகளில் வசிப்போர்: பூஜ்யம்" என்று மாகாண அரசுக்கு அறிக்கை போயிற்று. பாராட்டுப் பட்டயம் வந்தது. கூடவே, ஆளில்லாத அந்த வீடுகளைப் பிரித்துவிடும்படி உத்தரவும் வந்தது.

பிரிக்கும் நாளன்று இசோபே சான் மெத்தை, போர்வை, ரைஸ் குக்கர் சகிதம் அலுவலகத்துக்குள் நுழைந்தார். பின்னால், குடியிருப்பில் "இல்லாத" மற்றவர்கள். தலைவரின் மேசைக்குப் பக்கத்திலேயே மெத்தை விரிந்தது.

"இங்க நிறைய இடம் காலி பண்ணியிருக்கீங்களாமே?"

"அது கணினிக்குள்ளங்க, இசோபே சான்."

"பரவாயில்ல. அதுக்குள்ள போக வழி கிடைக்கிறவரைக்கும் வெளிய இருந்துக்கறோம்."

கணினியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் குக்கரைச் செருகினார். அரிசி கொதிக்கத் தொடங்கியது.

தலைவரின் குரல் முதல்முறையாக நடுங்கியது. "எவ்வளவு நாள் இருக்கறதா உத்தேசம்?"

"பயப்படாதீங்க. தற்காலிகமாத்தான்."

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அவர்களை அந்தத் தகர வீடுகளில் குடியேற்றியபோது, எங்கள் தலைவர் தம் திருவாயால் சொன்னதும் அதே சொல்தான்.